‘மேட்வில்லனி’: திருடுபோன டேப்பும் இரண்டாம் முறை பதிவான குரலும்

2004 மார்ச் 23 அன்று அமெரிக்க ரெக்கார்டு கடைகளுக்கு வந்த ஆல்பங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று பாடகர் அஷரின் ‘கன்ஃபெஷன்ஸ்’. முதல் வாரத்திலேயே கிட்டத்தட்ட 11 லட்சம் பிரதிகள் விற்றது. மற்றொன்று ‘மேட்வில்லனி’. மேட்லிப் பீட் (ராப்புக்கு அடியில் ஓடும் இசை) போட்டார், எம்எஃப் டூம் ராப் செய்தார். ‘மேட்வில்லன்’ என்ற பெயரில் இந்த ஜோடி முழுதாகச் செய்து முடித்த ஸ்டுடியோ ஆல்பம் இது ஒன்றுதான். அமெரிக்க ஆல்ப விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் இது தொட்ட உச்சம் 179ஆம் இடம்.

அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் இதைப் பற்றி இன்று யாரும் பேசியிருக்கக் கூடாது. ஆனால் 2020இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் புதுப்பித்த 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இது 365ஆம் இடத்தில் இருக்கிறது. ராப் எழுதக் கற்றுக்கொள்ளும் பையன்கள் இன்றும் இதை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இரண்டு மேதைகள் சேர்ந்தார்கள், அற்புதம் நடந்தது என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அது பாதிதான் சரி. நாம் கேட்கும் ‘மேட்வில்லனி’ உண்மையில் ஒரு இரண்டாம் பிரதி. முதல் பிரதி திருடுபோய் இணையத்தில் கசிந்தது. கசிந்ததால் வேலை நின்றது. நின்ற வேலை மீண்டும் தொடங்கியபோது டூமின் குரல் மாறியிருந்தது. ஆல்பத்தின் குணமே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

இருவரையும் சுருக்கமாக அறிமுகப்படுத்திவிடலாம். மேட்லிப்பின் இயற்பெயர் ஓட்டிஸ் ஜாக்சன் ஜூனியர். கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்ட் ஊர்க்காரர். பழைய ஜாஸ், சோல், பிரேசிலிய இசைத்தட்டுகளைத் தோண்டி எடுப்பதில் தீராப் பசி உள்ளவர். டூமின் இயற்பெயர் டேனியல் டூமிலே. 1971இல் லண்டனில் பிறந்து நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். தம்பி சப்ராக்குடன் சேர்ந்து ‘கேஎம்டி’ என்ற குழுவை நடத்தினார். 1993இல் சப்ராக் கார் மோதி இறந்தார். அடுத்த வருஷம், குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கு வரைந்த அட்டைப்படத்தால் எழுந்த சர்ச்சையில் எலெக்ட்ரா நிறுவனம் ஆல்பத்தையே வெளியிட மறுத்துக் குழுவைக் கைகழுவியது. பல வருஷம் காணாமல் போன மனிதர் உலோக முகமூடியோடு, காமிக்ஸ் வில்லனின் பெயரோடு திரும்பி வந்தார். 1999இல் ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’ வெளியானது.

டூமோடும் பீட் தயாரிப்பாளர் ஜே டில்லாவோடும் வேலை செய்ய ஆசை என்று மேட்லிப் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். அவருடைய ஆல்பங்களை வெளியிட்ட லேபிளான ஸ்டோன்ஸ் த்ரோவின் மேலாளர் ஈகன், அட்லாண்டா பக்கம் குடியிருந்த டூமைத் தேடிப் பிடித்தார். மூன்று பாட்டுக்கு 1,500 டாலர், விமான டிக்கெட் தனி. டிக்கெட் எடுத்ததோடு லேபிளின் கையிருப்பு காலி. டூமின் மேலாளர் வந்து இறங்கியதும் பணத்தைக் கேட்டு நெருக்க, ஈகன் அவரைப் பேச்சில் இழுத்துக்கொண்டே இருந்தாராம். அதற்குள் இரண்டு கலைஞர்களும் உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஒப்பந்தத்தைக் காகிதத் தட்டில் எழுதிக்கொண்டார்கள் என்பது ஸ்டோன்ஸ் த்ரோ ஆட்கள் இன்றும் சொல்லும் கதை. லாஸ் ஏஞ்சலஸின் மவுண்ட் வாஷிங்டன் பகுதியில் லேபிள்காரர்கள் குடியிருந்த வீடே அலுவலகம். அங்கே பழைய வெடிகுண்டுப் பதுங்கறை ஒன்று இருந்தது. மேட்லிப் அதற்குள் உட்கார்ந்து பீட் போடுவார், டூம் மேலே உட்கார்ந்து வரி எழுதுவார். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆல்பத்தின் ஒலி அங்கிருந்துதான் வருகிறது. 2002 நவம்பரில் ரெட் புல் மியூசிக் அகாடமிக்காக மேட்லிப் பிரேசிலின் சாவ் பாவ்லோவுக்குப் போனார். ஹோட்டல் அறையில் அவரிடம் இருந்தவை மூன்று: கையில் தூக்கிச் செல்லும் டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி), கேசட் டெக், பாஸ் எஸ்பி-303 சாம்பிளர். சாம்பிளர் என்பது பழைய பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டை, அதாவது சாம்பிளை, மீண்டும் ஒலிக்கவிடும் பெட்டி. ‘ஸ்ட்ரேஞ்ச் வேஸ்’, ‘ரெய்ட்’, ‘ரைன்ஸ்டோன் கவ்பாய்’ மூன்றின் பீட்டும் அந்த அறையில் உருவானவை.

எஸ்பி-303 தொழில்முறை ஸ்டுடியோக்காரர்கள் மதித்து வாங்கும் சாமான் அல்ல. விரலால் தட்ட எட்டு பேட், எஃபெக்டைத் திருக மூன்று குமிழ், சின்னத் திரை. பெட்டியின் சொந்த நினைவகத்தில் உயர்ந்த தரத்தில் பதிந்தால் ஏறக்குறைய அரை நிமிடம்தான் கொள்ளும், ஸ்டீரியோ என்றால் அதிலும் பாதி. மேலே வேண்டுமென்றால் ஸ்மார்ட்மீடியா என்ற நினைவக அட்டை போட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 தாளத் தட்டு வேகத்தில் ஒரு பார், அதாவது நாலு தட்டு, 2.67 விநாடி. நாலு பாரைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் என்றால் 10.7 விநாடி. அரை நிமிடத்தில் மூன்று லூப்கூட முழுதாக அடங்காது. தரத்தைக் குறைத்துப் பதிந்தால் நேரம் கூடும், ஆனால் மேல் ஸ்தாயி மழுங்கிப்போகும். அந்த மழுங்கல் பழைய ரெக்கார்டுக்குப் பொருந்தியே வரும். இதே பெட்டியில் ‘வினைல் சிம்’ என்று ஒரு எஃபெக்ட் உண்டு. இசைத்தட்டுக் கீறலின் இரைச்சலைக் கூட்டி, ஒலியை இறுக்கி அமுக்கிக் கொடுக்கும்.

இப்படிப்பட்ட பெட்டியில் லூப் வெட்டும்போது எங்கே இடறும் என்பதைத் தெரிந்துகொண்டால் மேட்லிப் செய்தது புரியும். பழைய தட்டில் வாசித்தவர்கள் தாளம் காட்டும் மெட்ரோனோம் வைத்துக்கொண்டு வாசிக்கவில்லை. இரண்டு பாருக்குள்ளேயே வேகம் லேசாகக் கூடும், குறையும். போதாததற்குச் சின்ன டர்ன்டேபிளின் சுழற்சியும் சீராக இருக்காது. லூப்பின் முடிவுப் புள்ளி 20, 30 மில்லிவிநாடி பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் கால் தடுக்கியதுபோல ஒரு இடறல் கேட்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சாம்பிளைத் துண்டுதுண்டாக வெட்டி, கட்டத்துக்குள் அடுக்கி, மேலே கனமான டிரம் போட்டு அதை மறைப்பார்கள். அப்போது வேறொரு சிக்கல் வரும்: தட்டிலேயே இருக்கிற டிரம்மும் புது டிரம்மும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாமல் இரட்டையாகத் தட்டும். ‘மேட்வில்லனி’யில் பல இடங்களில் அந்த மறைப்பு வேலையே இல்லை. தட்டின் டிரம்மே பாட்டைத் தாங்குகிறது. இடறல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார். ‘ரெய்ட்’ தொடக்கத்தில் பில் எவன்ஸின் ‘நார்டிஸ்’ பியானோ துண்டு வந்து, சட்டென்று ஒஸ்மார் மிலிட்டோவின் பிரேசிலிய இசைக்குத் தாவும் இடத்தைக் கேளுங்கள். ஒட்டு தெரிகிறது. தெரியட்டும் என்றுதான் ஒட்டியிருக்கிறார்.

தட்டுகளின் தேர்வும் கவனிக்கத்தக்கது. ‘கர்ல்ஸ்’ பிரேசில்காரர் வால்டிர் கால்மோனின் தட்டிலிருந்து வருகிறது. ‘ஸ்ட்ரேஞ்ச் வேஸ்’ பிரிட்டிஷ் ராக் குழு ஜென்டில் ஜயண்டிடமிருந்து, ‘ரைன்ஸ்டோன் கவ்பாய்’ மரியா பெத்தானியாவின் குரலிலிருந்து, ‘ஃபேன்சி க்ளவுன்’ இசட் இசட் ஹில்லின் சோல் பாட்டிலிருந்து. ‘அக்கார்டியன்’ மட்டும் பழைய தட்டு அல்ல. சமகாலத்தவரான டெய்டலஸ் 2002இல் வெளியிட்ட இசையிலிருந்து எடுத்தது. ஜேம்ஸ் பிரவுனையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த அமெரிக்க ஹிப் ஹாப்பின் சாம்பிள் அலமாரியை இது அகலப்படுத்தியது. மேட்லிப் அங்கேயும் நிற்கவில்லை. 2007இல் இந்தித் திரைப்பட இசைத்தட்டுகளை மட்டுமே வைத்து ‘பீட் கண்டக்டா’ வரிசையில் ஒரு தொகுப்பு போட்டார்.

சரி, திருட்டுக்கு வருவோம். பிரேசில் பயணத்தில் ஆல்பத்தின் முடியாத பிரதி மேட்லிப்பின் கையில் இருந்தது. அது அங்கே திருடுபோய், வெளியீட்டுக்குச் சுமார் 14 மாதம் முன்பே இணையத்தில் பரவியது. 2003இன் தொடக்கம் எப்படிப்பட்ட காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். பாட்டுகளை இணையத்தில் இலவசமாகப் பகிர உதவிய நாப்ஸ்டரை மூடியாயிற்று, ஆனால் அதே வேலையைச் செய்த கசாவும் சோல்சீக்கும் கொடிகட்டிப் பறந்தன. ஸ்ட்ரீமிங் வருமானம் என்ற ஒன்றே கிடையாது. பெரிய நிறுவனத்துக்குக் கசிவு என்பது எரிச்சல். பத்தாயிரம், இருபதாயிரம் பிரதியை நம்பிப் பிழைக்கும் சின்ன லேபிளுக்கு அது கழுத்தில் கத்தி, ஏனென்றால் முதலில் வாங்கக்கூடிய தீவிர ரசிகன்தான் முதலில் டவுன்லோடும் செய்கிறவன்.

கலைஞர்கள் இருவருக்கும் வெறுத்துப்போய், ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் செய்ததைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2003இல் மட்டும் டூம், கிங் கிடோரா என்ற பெயரில் ஒரு ஆல்பமும் விக்டர் வான் என்ற பெயரில் இன்னொன்றும் வெளியிட்டார். மேட்லிப் ப்ளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் பெட்டகத்தைத் திறந்து ‘ஷேட்ஸ் ஆஃப் ப்ளூ’ செய்தார், ஜே டில்லாவுடன் சேர்ந்து ‘சாம்பியன் சவுண்ட்’ செய்தார். அப்புறம்தான் விட்ட இடத்துக்குத் திரும்பினார்கள்.

திரும்பிய டூம் பல பாட்டுகளின் குரலை மீண்டும் பதிந்தார், சில இடங்களில் வரிகளையும் மாற்றினார். கசிந்த டெமோவில், அதாவது அந்த முதல் பிரதியில், அவர் குரல் உயர்ந்து, துடிப்பாக, மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்வதுபோல இருக்கும். வெளியான ஆல்பத்தில் குரல் தாழ்ந்து, தளர்ந்து, பக்கத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுவதுபோல இருக்கிறது. டெமோவைக் கேட்டுப் பழகிய ரசிகர்களில் சிலருக்கு இது ஏமாற்றம்தான். உயிரில்லாமல் சொல்கிறார் என்றார்கள். என் பார்வையில் அவர்கள் கட்சி தோற்றுவிட்டது, ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது ஒலிக் கணக்கு. லூப்புக்குள் டிரம், பாஸ், ஹார்ன் (ஊதுகருவி) எல்லாம் தட்டிலேயே ஒன்றாகக் கலந்து உறைந்துபோனவை. மிக்ஸ் செய்யும்போது ஹார்னை மட்டும் இறக்கிக் குரலுக்கு இடம் விட முடியாது. மனிதக் குரலில் அழுத்தம் கூடும்போது ஏறுவது 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதி. ஹார்னின் கூர்மையும் தட்டுக் கீறலின் இரைச்சலும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. குரலை உயர்த்தினால் இரண்டும் மோதும். மோதலைத் தீர்க்க, ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் குறைத்தால் பீட்டின் உயிர் போகும். குரலைத் தாழ்த்திவிட்டால் சண்டையே இல்லை. மைக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் தணிந்த குரல், லூப்பின் இரைச்சலுக்கு அடியில் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது காரணம் வரிகளின் அடர்த்தி. தமிழ் யாப்பில் அடியின் இறுதியில் வருவது இயைபு, சீரின் இரண்டாம் எழுத்தில் வருவது எதுகை. டூம் இரண்டையும் ஒரே வரியில் பின்னுகிறவர், அதுவும் ஓரசையில் நிறுத்தாமல் மூன்று, நான்கு அசைக்கு இழுப்பார். ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘ரைன்ஸ்டோன் கவ்பாய்’க்குள் இந்தக் கசிவையே பேசும் நான்கு வரிகள் உண்டு. அவற்றின் முடிவுச் சொற்களை மட்டும் வரிசையாக வையுங்கள்: ஹைப்பர் பேஸ், சைபர்ஸ்பேஸ், ஸ்னைப்ஸ் டு ப்ளேஸ், டைப்ஃபேஸ். நான்கிலும் ‘ஐ’ ஒலியும் அதைத் தொடரும் ‘ஏஸ்’ ஒலியும் ஜோடியாக வருகின்றன. வரிக்கு உள்ளே ‘ட்வீக்ட்’, ‘லீக்ட்’ என்று தனியாக ஓர் எதுகை ஓடுகிறது. அதை அடுத்து ஒரு வருஷம் நிறுத்தியதையும் சொல்லிவிட்டுப் போகிறார். இவ்வளவும் பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள். ஒவ்வொரு எதுகையையும் அடித்துச் சொல்லியிருந்தால் காது களைத்துப்போகும், நகைச்சுவையும் கெடும். அவர் எதையும் அழுத்தாமல் சொல்லிக்கொண்டே போவதால், நாலாவது முறை கேட்கும்போது நாமே கண்டுபிடிக்கிறோம். ஆல்பம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. 22 டிராக், மொத்தம் 46 நிமிடம். ‘அக்கார்டியன்’ 1:58, ‘கர்ல்ஸ்’ 1:35. எல்லாவற்றிலும் நீளமான ‘ரைன்ஸ்டோன் கவ்பாய்’ 3:59தான். அன்றைய வானொலிப் பாட்டின் அளவு வேறு: 16 பாரில் மூன்று வெர்ஸ் (சரணம்), இடையிடையே எட்டு பார் ஹூக் (பல்லவி) மூன்று முறை, முன்னால் ஒரு எட்டு பார். மொத்தம் 80 பார், 90 வேகத்தில் மூன்றரை நிமிடம். டூம் பல பாட்டுகளில் ஹூக் என்ற பகுதியையே தூக்கிவிட்டார். ஒரே வெர்ஸ், 25, 30, 40 பார், பீட் தீர்ந்ததும் பாட்டும் தீர்ந்தது. கேட்பவர் கூடப் பாட ஒரு வரி இல்லாத பாட்டை வானொலி போடாது. வானொலியில் வராத பாட்டு 2004இல் பட்டியலில் ஏறாது. ஆக 179ஆம் இடம் அவமானமல்ல, அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவின் விலை.

பாத்திரங்களைக் கையாளும் விதமும் அப்படித்தான், விளம்பரத்துக்கு உதவாத விளையாட்டு. ‘ஃபேன்சி க்ளவுன்’ பாட்டில் டூம் விக்டர் வானாக மாறி, தன் காதலி எம்எஃப் டூமோடு சேர்ந்து தனக்குத் துரோகம் செய்கிறாள் என்று குமுறுகிறார். தன்னையே தான் திட்டும் பாட்டு. மேட்லிப்பும் சும்மா இல்லை, க்வாசிமோட்டோ என்ற கீச்சுக்குரல் ஆசாமியாக இரண்டு இடத்தில் வருகிறார். அந்தக் குரலுக்குச் சூத்திரம் எளிது: பீட்டின் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, அதற்கேற்ப மெதுவாகப் பேசிப் பதிந்து, பிறகு டேப்பைச் சரியான வேகத்துக்கு ஏற்றுவது. மெதுவாகப் பேசும்போது உச்சரிப்பு குழைந்தால், ஏற்றிய பிறகு ஒரு சொல்லும் புரியாது. மெய்யெழுத்துகளைக் கடித்துச் சொல்ல வேண்டும்.

சாம்பிள் உரிமை பற்றி ஒரு வார்த்தை. ஒரு துண்டை எடுத்தால் இரண்டு அனுமதி வேண்டும்: பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாட்டை இயற்றியவரின் தரப்பிடம் இன்னொன்று. இந்த ஆல்பம் வந்து ஆறு மாதத்தில், 2004 செப்டம்பரில், பிரிட்ஜ்போர்ட் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பதிவிலிருந்து எடுத்த துண்டு எவ்வளவு சிறிதானாலும் உரிமம் வேண்டும் என்றது. 22 டிராக் முழுக்கத் தட்டுத் துண்டுகளால் கட்டிய ஆல்பத்தைச் சின்ன லேபிள் ஒன்று துணிந்து போடுவது அதன் பிறகு இன்னும் கடினமாயிற்று.

விமர்சகர்கள் இதைத் தாமதமாகக் கண்டுகொண்டார்கள் என்று சிலர் எழுதுவார்கள், அது தவறு. வந்த வாரங்களிலேயே பாராட்டு குவிந்தது. இசை விமர்சன இணையதளமான ‘பிட்ச்ஃபோர்க்’ 10க்கு 9.4 கொடுத்தது. மூத்த விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் ஏ மைனஸ் போட்டார். விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் போடும் மெட்டாகிரிட்டிக்கில் 100க்கு 93. ஹிப் ஹாப் பக்கம் அதிகம் வராத இலக்கியப் பத்திரிகையான ‘நியூயார்க்கர்’ கூட டூமைப் பற்றி எழுதியது. மெதுவாக வந்தது விற்பனை மட்டுமே. காலப்போக்கில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பிரதிகள் போய், ஸ்டோன்ஸ் த்ரோவின் மிக அதிகம் விற்ற வெளியீடுகளில் ஒன்றானது. லேபிளைக் கொல்லும் என்று பயந்த கசிவு, ஒரு வருஷம் முழுக்க யாரும் காசு கொடுக்காத விளம்பரமாக ஓடியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்றில் இது நடந்திருந்தால் பிராஜெக்டையே மூட்டைகட்டிப் பரணில் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

அட்டைப்படத்துக்கும் இந்த வரவேற்பில் பங்கு உண்டு. எரிக் கோல்மன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், முகமூடி மட்டும். வடிவமைப்பாளர் ஜெஃப் ஜாங்க் அதைப் பார்த்ததும் மடோனாவின் முதல் ஆல்ப அட்டை நினைவுக்கு வந்ததாம். அந்த அட்டையில் ஓர் எழுத்துக்கு மட்டும் ஆரஞ்சு நிறம் இருந்ததைப்போல, இங்கே மூலையில் சின்ன ஆரஞ்சுச் சதுரம் ஒன்றை வைத்தார். கடை அலமாரியில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

இரண்டாம் பாகத்தை ரசிகர்கள் வருஷக்கணக்காக எதிர்பார்த்தார்கள். டூம் 2010இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் போனவர், அமெரிக்கக் குடியுரிமை இல்லாததால் திரும்ப உள்ளே வர அனுமதி கிடைக்காமல் இங்கிலாந்திலேயே தங்க நேர்ந்தது. 2020 அக்டோபர் 31இல் அங்கேயே காலமானார். குடும்பத்தார் செய்தியை வெளியிட்டது டிசம்பர் 31 அன்று.

அதற்கு முன்பே, காத்திருந்து அலுத்துப்போன மேட்லிப் 2008இல் ‘மேட்வில்லனி 2’ என்று ஒன்றை வெளியிட்டிருந்தார். முதல் ஆல்பத்தில் டூம் பதிந்த அதே குரல், அடியில் முற்றிலும் புதிய பீட். குரலா பீட்டா எது முக்கியம் என்று வாதாடுகிறவர்கள் இதை ஒரு முறை கேட்க வேண்டும். பீட்டுகள் தனியாகக் கேட்க நன்றாகவே இருக்கின்றன, வரிகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் பல இடங்களில் டூம் வேறொரு அறையிலிருந்து பேசுவதுபோலக் கேட்கிறது. அவர் குரலைத் தாழ்த்தியது பழைய லூப்புகளின் இரைச்சலுக்கு ஏற்ப. அந்த இரைச்சலை எடுத்துவிட்டால் தாழ்ந்த குரல் சோம்பல் குரலாகிவிடுகிறது. டெமோவை விரும்பியவர்கள் 2004இல் ஆல்பத்தின்மேல் வைத்த அதே குற்றச்சாட்டு இந்தத் தொகுப்புக்குத்தான் சரியாகப் பொருந்தும்.